ஒரே வீட்டில் மூன்று பெயர்: யார் இந்த ‘கில்’?

கேள்வி: என் மகள் புனேயில் வேலை பார்க்கிறாள். உடன் வேலை பார்க்கும் பஞ்சாபிப் பையனைத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறாள். பையன் பெயரின் கடைசியில் ‘கில்’ என்று இருக்கிறது. அவன் தந்தை பெயரில் ‘சிங்’ மட்டும்தான், ‘கில்’ இல்லை. பெரியப்பாவோ மூன்றாவதாக ஒரு பெயரைப் போட்டுக்கொள்கிறார். கேட்டால் ஊர்ப் பெயர் என்கிறார்கள். ஒரே வீட்டில் எப்படி மூன்று பெயர்? இணையத்தில் தேடினால் கிரிக்கெட் வீரர், போலீஸ் அதிகாரி, பாகிஸ்தான் கிறிஸ்தவர், இங்கிலாந்துச் சிற்பி என்று யார் யாரோ ‘கில்’. இவர்கள் என்ன சாதி, எத்தனை பேர், எல்லோரும் உறவினரா? நாங்கள் கொங்குப் பகுதி. ‘கூட்டம் தெரியாமல் பெண் கொடுப்பதா’ என்று என் தாயார் மறுக்கிறார். திருமணத்துக்குப் பிறகு மகள் தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெருந்துறை

அன்புள்ள ஐயா,

ஒரே வீட்டில் மூன்று பெயர் இருப்பதைப் பார்த்து மோசடி என்று பயந்துவிடாதீர்கள். பஞ்சாபில் அது அன்றாட வழக்கம். எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் தாயாருக்கு ஒரு வணக்கம். இணையத்தில் நீங்கள் தேடிய அத்தனை நேரத்திலும் கிடைக்காத சொல்லை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். ‘கில்’ என்பது கூட்டம்தான், அதாவது ஒரு குலப் பிரிவு.

பஞ்சாபியில் ‘கோத்’ என்பார்கள். கோத்திரம் என்ற சொல் தேய்ந்து வந்ததுதான் அது. ஆனால் ரிஷியின் பெயரால் சொல்லும் கோத்திரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கோத் என்பது ஒரு மூதாதையின் வழி வந்ததாக நம்பும் பங்காளிகளின் தொகுதி. ஒரே கோத்துக்குள் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதில்லை. அண்ணன் தங்கை முறை என்று தள்ளிவிடுவார்கள். பழைய கட்டுப்பாட்டில் நான்கு கோத்துகளைத் தவிர்க்க வேண்டும்: தந்தையுடையது, தாயுடையது, தந்தையைப் பெற்றவளுடையது, தாயைப் பெற்றவளுடையது. இப்போது பல குடும்பங்களில் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். கூட்டமும் அந்தக் கூட்டத்துக்குரிய காணிக் கோயிலும் தெரிந்த உங்கள் வீட்டுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

காணிக் கோயிலுக்கு ஈடாகவும் அங்கே ஒன்று உண்டு. மோகா பக்கம் ஒரு கிராமத்தில் களப்பணிக்காகத் தங்கியிருந்தபோது பார்த்தேன். கோதுமை வயலின் ஓரத்தில், சுண்ணாம்பு அடித்த செங்கல் மேடு ஒன்று இடுப்பளவு உயரத்தில் இருந்தது. அதில் விளக்கு வைக்க ஒரு சின்ன மாடம். சிலை கிடையாது, பூசாரியும் கிடையாது. முந்தைய நாள் திருமணமான பெண்ணையும் பையனையும் அங்கே அழைத்து வந்தார்கள். பக்கத்தில் இருந்த பள்ளத்திலிருந்து இருவரும் கைநிறைய மண்ணை எடுத்து எடுத்து வெளியே போட்டார்கள். பிறகு மேட்டில் பாலை ஊற்றி, தலை தாழ்த்தி வணங்கினார்கள். அந்த மேட்டின் பெயர் ‘ஜடேரா’, கோத்தின் மூத்தவர் இருக்கும் இடம். சீக்கிய நெறிப்படி மேட்டையும் சமாதியையும் வணங்குவது கூடாது. குருத்வாராவில் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். வயலோரத்தில் பால் ஊற்றுவதும் நிற்கவில்லை.

சரி, யார் அந்த மூத்தவர்? 1881-ஆம் ஆண்டுப் பஞ்சாப் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதிய டென்சில் இபெட்சன், உழவர் சாதியான ஜாட்டுகளின் கோத்துகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று என்று கில்களைக் குறிப்பிடுகிறார். லாகூர், ஃபிரோஸ்பூர் மாவட்டங்களே இவர்களின் தலைமையிடம். பியாஸ், சட்லெஜ் கரைகளிலும், மலையடிவாரத்தை ஒட்டி சியால்கோட் வரையிலும் பரவியிருக்கிறார்கள் என்பது அவர் தரும் படம். அன்றைய ஃபிரோஸ்பூரைச் சேர்ந்த மோகா, 1995-ல்தான் தனி மாவட்டமானது. இன்றும் மோகா, லூதியானா வட்டாரங்களில் கில்கள் நிறைந்த ஊர்கள் ஏராளம். லூதியானாவை ஒட்டி ‘கில்’ என்ற பெயரிலேயே ஓர் ஊரும் ஒரு சட்டமன்றத் தொகுதியும் உண்டு. அந்தத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. இந்தத் தகவல் கொஞ்ச நேரத்தில் நமக்குப் பயன்படும்.

கில் என்பவர் பிருதிபால் என்ற ராஜபுத்திர அரசரின் வழியில் வந்தவர், அவர் மகன் ஷெர்கில், அந்த மகன் வழியில் வந்தவர்கள் ஷெர்கில் கோத்தினர் என்று இபெட்சனிடம் சொல்லியிருக்கிறார்கள். ஈரமான சதுப்பில் கண்டெடுத்த குழந்தை என்பதால் ‘கில்’ என்று பெயர் வந்தது என ஊர்க்கதை ஒன்றும் உண்டு. பஞ்சாபியில் ‘கில்லா’ என்றால் ஈரம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பஞ்சாபில் எந்த ஜாட் கோத்தைக் கேட்டாலும் பெரும்பாலும் ஓர் அரசரில்தான் போய் முடியும். உழவர் குடிகள் தங்களுக்கு ராஜபுத்திர வேர் தேடிக்கொண்ட காலத்தில்தான் இந்தக் கதைகள் ஏட்டில் ஏறின. எனவே இதைக் கதையாகக் கேட்டு மகிழலாம், பட்டயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த வம்சாவளிகளை மனப்பாடமாக வைத்திருந்து திருமணங்களில் பாடியவர்களுக்கு ‘மிராசி’ என்று பெயர். நம் ஊர் மிராசுதாரரோடு தொடர்புள்ள சொல்தான். பரம்பரைச் சொத்து என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து இரண்டும் வந்தன. தஞ்சாவூர்ப் பக்கம் மிராசு என்றால் நிலம். பஞ்சாபில் பிறருடைய பாட்டன் முப்பாட்டன் பெயர்களே மிராசியின் சொத்து. பாடுகிறவர் கூலி வாங்குகிறவர் என்பதால் பாட்டன் அரசனாவது இயல்புதானே?

இனி உங்கள் மூன்று பெயர்ச் சிக்கல். 1699 வைசாகியன்று ஆனந்த்பூரில் குரு கோவிந்த் சிங், தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சாவை நிறுவினார். ஆண்களுக்கு ‘சிங்’, பெண்களுக்கு ‘கௌர்’ என்ற பொதுப்பெயர் அந்த மரபில் வந்தது. குலப்பெயர் தெரியாமல் இருப்பதுதான் அதன் நோக்கம். பையனின் தந்தை ‘சிங்’ என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவர் எதையும் மறைக்கவில்லை, மரபைப் பின்பற்றியிருக்கிறார். பெரியப்பா ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டதும் புதிதில்லை. பலமுறை முதலமைச்சராக இருந்த பிரகாஷ் சிங் பாதலின் கோத் தில்லோன். பாதல் அவருடைய கிராமம். 1881-ல் ‘தி ட்ரிப்யூன்’ செய்தித்தாளைத் தொடங்கிய தயாள் சிங் மஜீதியாவின் கோத் ஷெர்கில், ஊர் மஜீதா. அதே மஜீதியா குடும்பத்தில் ஒரு கிளை ஊர்ப்பெயரோடு கோத்துப் பெயரையும் எடுத்துக்கொண்டது. அந்தக் கிளையின் மகள்தான் ஓவியர் அமிர்தா ஷெர்-கில். ஒரே குடும்பம், ஆளுக்கொரு பெயர். உங்கள் சம்பந்தி வீட்டுக்கு நல்ல துணை இருக்கிறது.

பிறகு பையனுக்கு மட்டும் ‘கில்’ எப்படி ஒட்டிக்கொண்டது? பெரும்பாலும் காகிதத்தால். பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், விசா எல்லாம் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டத்தை நீட்டுகின்றன. வகுப்பில் பத்துப் பேர் ‘சிங்’ என்றால் ஆசிரியருக்கே கோத்துப் பெயர் தேவைப்படும். வெளிநாட்டில் இது இன்னும் முற்றியது. சிங், கௌர் என்பவை மிகப் பொதுவானவை, வேறு குடும்பப் பெயர் தேவை என்று கனடாவின் குடியேற்ற அலுவலர்கள் விண்ணப்பதாரர்களிடம் சுமார் பத்து ஆண்டுகள் கேட்டுவந்தார்கள். 2007-ல் அது செய்தியாகி எதிர்ப்புக் கிளம்பிய பிறகே கைவிட்டார்கள். அதற்குள் எத்தனையோ பேர் கோத்தையோ ஊரையோ பெயரில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 1699-ல் விலக்கிய குலப்பெயர் விண்ணப்பப் படிவத்தின் ஒரு கட்டத்தால் திரும்பி வந்தது என்பது எனக்கு எப்போதும் சற்று வருத்தம் தரும் செய்தி.

அடுத்து, நீங்கள் நேரடியாகக் கேட்ட கேள்வி: என்ன சாதி? நேரடியாகவே சொல்கிறேன். ‘கில்’ என்ற பெயரை வைத்து அதைச் சொல்ல முடியாது. பெரும்பான்மையோர் ஜாட் சீக்கியர், நிலவுடைமை உழவர்கள் என்பது உண்மை. ஆனால் கோத்துப் பெயர்கள் பஞ்சாபில் சாதி வேலியைத் தாண்டிப் படர்ந்தவை. ஜாட்டுகளின் வயலில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த மஸ்பி சீக்கியர்களிடையேயும் ‘கில்’ கோத் உண்டு. அவர்கள் பட்டியல் சாதியினர். முன்பு சொன்ன ‘கில்’ தொகுதி ஒதுக்கப்பட்டிருப்பதும் பட்டியல் சாதியினருக்கே. 1870-களில் சியால்கோட் பக்கம் தொடங்கி உழைக்கும் மக்கள் திரள் திரளாகக் கிறிஸ்தவத்துக்குச் சென்றபோது கோத்துப் பெயர்களை விட்டுவிடவில்லை. இன்று பாகிஸ்தான் பஞ்சாபில் கிறிஸ்தவரிடையே கில், பட்டி, சஹோத்ரா ஆகியவை மிகவும் பழகிய பெயர்கள். முஸ்லிம் ஜாட் கில்களும் அங்கே உண்டு, இந்து கில்களும் இங்கே உண்டு. சாதியைக் காட்டும் பலகை என்று நினைத்து ‘கில்’லைப் பார்த்தால் அதில் எந்தப் பக்கமும் அம்புக்குறி இல்லை.

2011 கணக்கெடுப்பில் பஞ்சாப் மக்களில் ஏறக்குறைய 32 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர்; இந்திய மாநிலங்களிலேயே இதுதான் அதிகம். எனவே ஒரு பஞ்சாபிக் குடும்பப் பெயரைக் கேட்டவுடன் நிலபுலனோடு மீசை முறுக்கும் சர்தார் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வது திரைப்படம் பார்த்த பழக்கம். உங்களுக்குச் சாதி தெரிந்தே ஆக வேண்டும் என்றால் அவர்களிடமே கேளுங்கள். என் கருத்தைக் கேட்டால், பையன் எப்படிப்பட்டவன் என்பது உங்கள் மகளுக்குத் தெரியும், அதற்கு மேல் இந்தக் கேள்வி உங்களுக்கு எதையும் சொல்லப்போவதில்லை. சீக்கியர்களின் ‘ரஹத் மரியாதா’ நெறிநூலே திருமணத்துக்குச் சாதியும் குலமும் பார்க்கக் கூடாது என்கிறது. நடைமுறையில் அவர்களும் பார்க்கிறார்கள்தான். நாமும் ‘யாதும் ஊரே’ பாடிவிட்டுப் பார்க்கவில்லையா?

எல்லோரும் உறவா என்றீர்கள். இந்தியாவின் தலைமைத் தேர்தல் ஆணையராக 1996 முதல் 2001 வரை இருந்தவர் எம்.எஸ். கில். பஞ்சாப் போலீஸ் தலைவராக இருந்தவர் கே.பி.எஸ். கில். பஞ்சாபியை மாநில ஆட்சிமொழியாக்கிய முதலமைச்சர் லச்மண் சிங் கில். ஃபாஸில்காவில் பிறந்த கிரிக்கெட் வீரர் ஷுப்மன் கில். இவர்களை ஒரே குடும்பம் என்பது காடை கூட்டத்தார் அனைவரும் ஒரே ரேஷன் கார்டு என்பதைப் போல. முறைக்குப் பங்காளி, அதோடு சரி.

இங்கிலாந்துச் சிற்பிக்கு அந்த முறைகூடக் கிடையாது. பிரைட்டனில் பிறந்தவரும் ‘கில் சான்ஸ்’ என்ற அச்செழுத்தை வடிவமைத்தவருமான எரிக் கில்லின் பெயருக்குப் பஞ்சாபோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வட இங்கிலாந்தில் ‘கில்’ என்றால் ஓடை ஓடும் பள்ளத்தாக்கு. பழைய நார்ஸ் மொழிச் சொல். ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பக்கம் பணியாள் என்று பொருள்படும் கேலிக் சொல்லிலிருந்தும் இதே பெயர் பிறந்தது. எழுத்துக்கூட்டல் ஒன்றாக அமைந்தது தற்செயல்.

அந்தத் தற்செயல்தான் எண்ணிக்கையைக் குழப்புகிறது. பிரிட்டனின் வாக்காளர் பட்டியலில் ‘கில்’களை எண்ணினால் யார்க்ஷயர் ஆட்டுப்பண்ணைக்காரரும் சவுத்ஹால் லாரி ஓட்டுநரும் ஒரே தொகையில் வந்துவிடுவார்கள். இந்தியாவில் குழப்பம் தலைகீழ். கணக்கெடுப்பு குடும்பப் பெயர்களை எண்ணுவதில்லை. பலர் பையனின் தந்தையைப் போல ‘சிங்’குக்குள் மறைந்திருக்கிறார்கள். ஆகவே இணையத்தில் ‘உலகில் இத்தனை கில்கள்’ என்று கடைசி இலக்கம் வரை துல்லியமாகப் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். உறுதியாகக் கையில் இருப்பவை வேறு எண்கள். 2011-ல் இந்தியச் சீக்கியர் 2.08 கோடி, பஞ்சாப் மாநில மக்களில் அவர்கள் 57.69 விழுக்காடு. 2021-ல் கனடாவில் 7.7 லட்சம், இங்கிலாந்திலும் வேல்சிலும் 5.2 லட்சம், ஆஸ்திரேலியாவில் 2.1 லட்சம். இந்தத் தொகைக்குள்தான் சீக்கியக் கில்கள் இருக்கிறார்கள், சித்து, சந்து, தில்லோன், கிரேவால் போன்ற பிற கோத்தினரோடு சேர்ந்து.

இடப்பெயர்ச்சியையும் கணக்கில் வையுங்கள். 1890-களில் செனாப் கால்வாய் வெட்டி, மேற்குப் பஞ்சாபின் வறண்ட நிலத்தைப் பாசனமாக்கியபோது கிழக்கு மாவட்டங்களிலிருந்து ஏராளமான சீக்கிய உழவர்கள் அங்கே நிலம் பெற்றுக் குடியேறினார்கள். அந்த ஊர்களுக்குப் பெயர்கூட வைக்க நேரமில்லாமல் ‘சக்’ என்ற சொல்லோடு எண்ணைப் போட்டார்கள். 1947-ல் அதையெல்லாம் விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தார்கள். லாகூர் தலைமையிடம் என்று இபெட்சன் எழுதிய கில்களில் சீக்கியரானவர்கள் பெரும்பாலும் இன்று அங்கே இல்லை. ஆகவே பையன் வீட்டில் ‘சொந்த ஊர் எது’ என்று கேட்டு, ஆளுக்கொரு பதில் வந்தால் மறுபடியும் சந்தேகப்பட்டுவிடாதீர்கள். கால்வாய்க்கு முன்பிருந்த ஊர், சக் எண் போட்ட ஊர், பிரிவினைக்குப் பிறகு கிடைத்த ஊர் என மூன்றுமே உண்மையாக இருக்கக்கூடும்.

மகளின் பெயர். மாற்ற வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. திருமணத்துக்குப் பின்னும் அதே பெயரில் பாஸ்போர்ட் வைத்திருக்கலாம். சீக்கிய மரபிலும் ‘கௌர்’ என்பது கணவனிடமிருந்து வாங்கும் பெயரில்லை, பெண்ணுக்கே உரியது. ஆனால் ஒரு வேடிக்கையை யோசித்துப் பாருங்கள். உங்கள் மகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் என்ன இருக்கிறது? நம் வழக்கப்படி உங்கள் பெயர்தான் இருக்கும். உங்கள் தந்தை பெயர் வேறு, உங்கள் பெயர் வேறு, உங்களுக்கு மகன் இருந்தால் நாளை அவன் பிள்ளைகளுக்குக் கடைசிப் பெயர் இன்னொன்று. லூதியானாவில் இருந்து பார்க்கிறவருக்கு ‘மூன்று தலைமுறைக்கு மூன்று குடும்பப் பெயரா, என்ன வீடு இது?’ என்று தோன்றாதா? மோகாவில் ஒரு பெரியவர் என் கோத் என்ன என்று கேட்டபோது, இல்லை என்று சொல்லி, தந்தை பெயரின் முதலெழுத்தை விளக்கினேன். ‘ஓர் எழுத்துதானா?’ என்று கேட்டுவிட்டு, என் மேல் இரக்கப்பட்டதைப் போல இன்னொரு குவளை மோர் ஊற்றினார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சச்சரவு வந்தால் பெயரில் வராது, இதில்தான் வரும். குருத்வாராவில் நடக்கும் ‘ஆனந்த் காரஜ்’ திருமணம் இருவருமே சீக்கியராக இருந்தால் மட்டுமே என்று ரஹத் மரியாதா சொல்கிறது. சில இடங்களில் தாராளமாக விடுவார்கள், சில இடங்களில் மறுப்பார்கள். பத்திரிகை அடித்த பிறகு இதைத் தெரிந்துகொள்வது எல்லோருக்கும் சங்கடம். இப்போதே பேசிவிடுங்கள். மதம் மாறாமல் மணக்க 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. முப்பது நாள் முன்னறிவிப்பு தேவை. தேதி குறிக்கும்போது அதை மனத்தில் வையுங்கள்.

உங்கள் தாயாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: பையன் கில் கூட்டம், நம் கூட்டமில்லை, பங்காளி முறை வராது. அவருடைய கணக்கில் பெண் கொடுக்க முதல் தடை அதோடு நீங்கிவிடும். மற்ற தடைகளை அவரே எழுப்புவார், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

அவர்கள் பெருந்துறைக்கு வரும்போது சாதியில் பேச்சைத் தொடங்காதீர்கள். பையனின் தாத்தா வந்திருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ‘பிண்ட் கெஹ்ரா?’ என்று கேளுங்கள். எந்த ஊர் என்று பொருள். உச்சரிப்பு தப்பினாலும் பரவாயில்லை. கால்வாய், சக் எண், மாட்டு வண்டி, 1947, ஜடேரா, எந்த வீட்டில் எந்தக் கோத்தில் பெண் எடுத்தார்கள் என்பதுவரை எல்லாம் வரும். அன்று சாயங்காலத்துக்கு வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.